பன்னிரண்டாவது இணைப்பு

மோட்டார் வண்டிகளின் மின்கம்பிகளைப் பழுதுபார்க்கும் அவளுக்குப் பட்டறை வரிசையில் ‘இறுக்கி’ என்று பெயர். அவள் முறுக்கிய திருகைத் தளர்த்த இரண்டு ஆள் வேண்டும். அவள் மூடிக் கொடுத்த பிளாஸ்க்கைத் திறக்க முடியாமல், பக்கத்துப் பட்டறையில் வண்டித் தகடுகளின் நெளிவெடுக்கும் டிங்கர்காரர் ஒரு நாள் முழுவதும் காப்பியில்லாமல் இருந்தார் என்பார்கள்.

அன்று காலை இழுவை வண்டி அவளுடைய அக்காவின் காரைக் கொண்டுவந்து இறக்கியது. இரண்டே பேர் அமரக்கூடிய, தரையோடு தரையாகத் தாழ்ந்த, முப்பது வயதான ஸ்போர்ட்ஸ் கார். அதன் முகப்பு விளக்குகள் இமை போன்ற மூடிகளுக்குள் ஒளிந்திருந்து, பொத்தானை அழுத்தினால் மேலெழ வேண்டும். இப்போது வலப்பக்கத்து விளக்கு மட்டுமே எழுந்தது.

“என்னம்மா, உங்க அக்கா கார் என்னப் பாத்துக் கண்ணடிக்குது. எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுன்னு சொல்லி வையுங்க” என்றார் டிங்கர்காரர்.

“அதுக்குக் கண்ணு சரியில்லண்ணே. அதனாலதான் உங்களப் பாத்து அடிக்குது.”

அக்கா சிரிக்கவில்லை. வாகனச் சோதனை நிலையத்தில் அந்தக் கார் இருமுறை தோற்றிருந்தது. மூன்றாவது வாய்ப்பு அன்று மாலை நான்கு மணியோடு முடிகிறது. அதிலும் தோற்றால் பதிவு ரத்தாகி, கார் பழைய இரும்புக்குப் போய்விடும். பிறருக்காகவே ஓடி ஓடி ஓய்ந்தவள், ஐம்பதாவது வயதில் யாரையும் கேளாமல் தனக்கென்று வாங்கிய ஒரே பொருள் அது.

“விட்டுடுடி. ஆயுசு முடிஞ்சதுக்கு வைத்தியம் பாத்து என்ன ஆகப் போகுது?”

“உயிர் இருக்கா இல்லையான்னு நான் பாத்துச் சொல்றேன். நீ போய் நிழல்ல உக்காரு.”

மீட்டரை வைத்துப் பார்த்தாள். பாட்டரியில் பன்னிரண்டரை வோல்ட் இருந்தது. இடப்பக்க விளக்கின் மோட்டாரருகே ஒன்பதுதான். இடைவழியில் மூன்றரை வோல்ட்டை எதுவோ விழுங்கிக்கொண்டிருந்தது. பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மோட்டாருக்குப் போகும் கம்பிகளின் மீதிருந்த நாடாவைப் பிரித்தாள். முதல் இணைப்பின்மேல் ரப்பர் போன்ற வெள்ளைப் பசை அப்பியிருந்தது. அதைக் கிழித்ததும் உள்ளே செம்பை அரித்துப் பச்சைப் பசேலென்று களிம்பு. அதற்கு ஒரு சாண் தள்ளி, காரைச் செய்தவர்கள் பொருத்திய பழைய இணைப்பு ஒன்றைத் திறந்தாள். தூசிதான் இருந்தது, செம்பு பளபளத்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், தண்ணீர் புகுந்துவிடக் கூடாதே என்று அந்தப் பசையை அப்பியவள் அவளே. குளியலறை ஜன்னலுக்குப் பூசும் பசை அது. காயும்போது காடியைப் போலப் புளித்த நாற்றம் நாறியது இப்போது நினைவுக்கு வந்தது. செம்பை அரிக்கும் அந்தப் புளிப்பைச் செம்போடு சேர்த்தே அடைத்து, காற்றுப் புகாமல் மூடி வைத்திருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்த கதையாயிற்று.

பழைய கார் என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். அவள் எழுந்து அக்காவின் முன் போய் நின்றாள்.

“அக்கா, இது வயசால வந்த கேடு இல்ல. நான் பண்ணினது.”

பசைத் துண்டைக் காட்டி விளக்கினாள். அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சின்ன வயசிலிருந்தே உனக்கு எதையும் அளவா மூடத் தெரியாது. எத்தன இடத்துல அப்பின?”

“பதினோரு இடம் ஞாபகம் இருக்கு.”

“மணி பத்தரை. பேசிட்டு நிக்காத, போ.”

ஒவ்வோர் இணைப்பாக அறுத்தாள். களிம்பு கம்பியுறைக்குள்ளும் ஊர்ந்திருந்ததால், செம்பு மின்னும் இடம் வரும்வரை வெட்டினாள். நீளம் குறைந்த இடங்களில் புதுக் கம்பி சேர்த்தாள். புது முனையை வைத்து நசுக்கி, இழுத்துப் பார்த்து, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே மாட்டினாள். மதியச் சாப்பாட்டை அக்கா நீட்டியபோது வேண்டாமென்று தலையை மட்டும் அசைத்தாள். இரண்டு மணிக்குப் பதினொன்றும் முடிந்தன. பொத்தானை அழுத்தியதும் இரு மூடிகளும் சேர்ந்தெழுந்தன.

ஆனால் அக்கா பிரேக்கை மிதித்தபோது பின்விளக்கு மங்கலாகவே எரிந்தது. பக்கத்திலிருந்த இண்டிகேட்டர் சம்பந்தமில்லாமல் மினுக்கியது.

“பதினொண்ணு தேறிருச்சு, போதும்மா. பின்னாடி எவன் பாக்கப் போறான்?” என்றார் டிங்கர்காரர்.

“பின்னாடி வர்றவன் பாப்பாண்ணே.”

மின்சாரம் திரும்பிப் போக வண்டியின் உடலோடு பிணைத்திருக்கும் எர்த் கம்பிதான் எங்கோ பிடி விட்டிருக்கிறது என்பது அவளுக்கு விளங்கியது. எங்கே என்பதுதான் விளங்கவில்லை. அக்கா இருக்கையிலிருந்தே கேட்டாள்: “டிக்கியில ஒழுகுதுன்னு ஒரு தடவ சொன்னேனே, அங்கயும் என்னமோ அப்பினியே?”

டிக்கியின் விரிப்பை உரித்தாள். மூலையில் வெள்ளைப் பசை. அதனடியில் எர்த் கம்பியைப் பிடித்திருந்த, பச்சை பூத்த போல்ட். அவள் இறுக்கிய போல்ட் அவளுக்கே அசைந்து கொடுக்கவில்லை. இன்னும் ஒரு முறை முழு பலத்தையும் கொடுத்தாள். போல்ட்டின் தலை ஒடிந்து கையோடு வந்தது.

மணி இரண்டே முக்கால். டிங்கர்காரர் தம் துளைக்கருவியை எடுத்துவந்தார்.

“நீங்க கம்பியப் பாருங்க. ஓட்டை போடுறது என் வேல. இறுக்கிற அளவையும் நானே பாத்துக்கறேன்.”

அவர் புதுத் துளையிட்டார். அவள் பெயின்டைச் சுரண்டி இரும்பை வெளுக்கவைத்து, எர்த் கம்பியைப் பொருத்தினாள்.

சோதனை நிலையத்தில் அவர்கள் நுழைந்தபோது மணி மூன்று ஐம்பது. பரிசோதகர் விளக்குகளைப் போடச் சொன்னார், இரண்டும் எழுந்தன. ஹாரன் ஒலித்தது. காரின் பின்னால் போய் நின்று, “பிரேக்” என்றார். பின்விளக்கின் ஒளியில் அவருடைய வெள்ளைச் சட்டை முழுவதும் சிவந்தது. தாளில் முத்திரை விழுந்தது.

திரும்பும் வழியில் அக்கா ஓட்டினாள். இவள் பழைய வேலைக் குறிப்பேட்டைப் புரட்டினாள். அதே மழைக்காலத்தில் இன்னும் மூன்று வண்டிகளுக்கு அதே பசை. முதல் எண்ணுக்குப் போன் செய்தாள்.

“உங்க வேன்ல நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன்... இல்ல, இப்போ நல்லாத்தான் ஓடும். ஓடுறப்பவே கொண்டு வாங்க. நாளைக்குக் காலையில, எட்டு மணிக்கு.”

அடுத்த எண்ணை அவள் தேடுவதற்குள், யாரும் குறுக்கே வராத சாலையில் அக்கா ஹாரனை ஒரு முறை நீளமாக அடித்தாள்.