பயப்படப் பழக்கிய மீன்கள்

ஒரு றாத்தல் பாணுக்குக் கடை வாசலில் வரிசையில் நின்ற பஞ்ச காலத்தில்தான் மீன் பெருக்கும் நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஆற்றோரத்தில் நாலு சீமெந்துத் தொட்டி, இரண்டு மண்குளம், ஓர் ஓலைக் கொட்டில். அவ்வளவுதான் நிலையம். வெடி போட்டும் நஞ்சு கலந்தும் பிடித்துப் பிடித்து, எங்கள் ஆற்றுக்கெண்டை கண்ணில் படுவதே அரிதாகிவிட்டிருந்தது. பெரிய செதிலும் மஞ்சள் செட்டையுமாக அழகான மீன். அதன் முட்டையைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து, ஆற்றில் விடுவதற்கென்று யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் ஒருவர் வந்திருந்தார்.

அவர் படித்தவர். நான் ஐந்தாம் வகுப்பு. ஆனாலும் தாய்மீனின் வயிற்றை மெல்ல அமுக்கி முட்டையைக் கோப்பையில் எடுத்து, ஆண்மீனின் விந்தைச் சேர்த்ததும், கோழி இறகால் கலக்குகிற வேலையை என்னிடம்தான் தருவார். நான் பிஸ்மி சொல்லித்தான் கலக்குவேன். அவர் சைவக்காரர், நான் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் நிற்பார்.

குஞ்சுகளுக்கு முதல் தீனி அவித்த முட்டையின் மஞ்சட்கரு. துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்தால் பால் மாதிரிக் கரையும். முட்டை என் மனைவியின் கோழிகள் இட்டது.

"மனுசருக்குப் பாணில்ல, மீனுக்கு முட்டையாம்" என்பாள். சொல்லிக்கொண்டே இன்னொன்றும் எடுத்துத் தருவாள்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் குறிஞ்சாக்கேணி வீட்டிலிருந்து சோறு கொண்டு வருபவள், பிறகு தவிடும் புண்ணாக்கும் குழைக்கவும் பழகிவிட்டாள். வாளியில் தட்டுவாள். மீன்கள் கரைக்கு ஓடிவந்து அவள் விரலை உறிஞ்சும்.

"பாருங்க, சலாம் சொல்லுதுகள்."

எனக்கும் பெருமைதான். அல்லாஹ்வின் படைப்பு ஒன்று நம் கையை நம்பி வந்தால் யாருக்குப் பெருமை வராது?

விரல் நீளம் வளர்ந்ததும் ஒரு குளத்து மீன்களை ஆற்றில் விட்டோம். ஒரு கிழமை போயிருக்கும். மனைவியின் அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடுபவர், ஈர்க்கில் கோத்த மீனோடு வீட்டு வாசலில் நின்றார்.

"மச்சான், வலையும் இல்ல, தூண்டிலும் இல்ல! ஆத்தில கை கழுவினன். கையை வந்து மொய்ச்சுதுகள். சாரத்தால அள்ளினன்."

மனைவி ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தாள். "காக்கா, இது நாங்க வளத்த மீன்."

"உங்கட மீனெண்டு முகத்தில எழுதியா இரிக்கி?"

அவர் மேல் பிழையில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த மீனைத் தொடாமல் அன்று நாங்கள் பருப்போடு சாப்பிட்டோம்.

காலையில் உத்தியோகத்தரிடம் சொன்னேன். தலையில் கைவைத்துக் கொட்டிலில் இருந்துவிட்டார். "பிழை என்னிலதான். வளர்க்கத் தெரிஞ்ச எனக்கு விடத் தெரியேல்லை. மற்றக் குளத்தில நிக்கிறதுதான் இனி மிச்சம். மாரிக்கு ஆறு பெருகேக்க விடவேணும். அதுக்கிடையில இதுகளுக்கு மனுசரில பயம் வரவேணும்."

"என்ட கையால திண்ட மீனுக்கா பயம்?" என்றாள் மனைவி. "எனக்கு ஏலா, ஐயா."

"உங்களைக் கண்டுதான் கூடுதலா ஓடி வருகுதுகள், அக்கா. நீங்கள்தான் செய்யவேணும்."

குளத்தைச் சுற்றித் தென்னோலைக் கிடுகு கட்டினோம். மறைவில் நின்று மூங்கில் குழாய்வழியே தீனியைத் தள்ளினேன். வாளிச் சத்தம் இல்லை. பிஸ்மியைக்கூட வாய்க்குள்ளேயே சொன்னேன். தீனி நேரம் போனபின் அவள் வெளிப்படையாக வந்து தென்னை மட்டையால் தண்ணீரில் அடிக்க வேண்டும். முதல் நாள் அடித்தபோது அவ்வளவு மீனும் மட்டையைத் தேடி ஓடிவந்தன. தீனி என்று நினைத்துவிட்டன. அவள் மட்டையைப் போட்டுவிட்டுக் கிடுகுக்குப் பின்னால் போய் அழுதாள்.

"அல்லாஹ் மன்னிப்பானா?"

"நம்மட நிய்யத்தை, மனசில உள்ளதை, அவன் அறிவான், புள்ள. எழும்பு."

எழும்பினாள். தினமும் அடித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு காலை, அவள் நிழல் விழுந்ததும் குளம் வெறுமையானது. ஒரு மீன்கூட மேலே இல்லை.

"மறந்திட்டுதுகள்" என்றாள். குரலில் சந்தோசமா கவலையா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

முதல் வெள்ளத்தில் விட்டோம். வாளியைச் சரித்ததும் கலங்கல் தண்ணீரில் ஒரு நொடியில் காணாமல் போயின. அந்த மாரி முழுக்க ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவற்றுக்காகவும் துஆக் கேட்டேன். சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

தண்ணீர் வற்றித் தெளிந்தபின் ஒருநாள் காக்கா வெறுங்கையோடு வந்தார். சாரம் இடுப்புவரை நனைந்திருந்தது.

"மச்சான், விடியக்காலை தொட்டு ஆத்துக்குள்ளதான் நிண்டனான். கூட்டம் கூட்டமா மஞ்சள் செட்டை தெரியுது. காலெடுத்து வச்சா ஒண்டும் இல்ல! என்னத்தப் படிச்சுக் குடுத்தீங்க?"

மனைவி குசினிக்குள்ளிருந்து வெளியே வந்தாள்.

"கூட்டம் கூட்டமாவா காக்கா? மெய்யாத்தானா?"

"மெய்யாத்தான்! என்னைக் கண்டா ஷைத்தானைக் கண்ட மாதிரி ஓடுதுகள்."

அவள் அவருக்குக் கதிரையை இழுத்துப் போட்டாள். "இரிங்க காக்கா, இரிங்க. இண்டைக்கு இஞ்சதான் சோறு. கோழி அறுப்பம்" என்றாள். ஏன் இந்த உபசாரம் என்று விளங்காமல் காக்கா என் முகத்தைப் பார்த்தார்.