விழுந்துகொண்டே இருந்த பத்துப் பைசா

சனிக்கிழமை காலை ஆறரை மணி வரை எங்கள் வீடு நன்றாகத்தான் இருந்தது. அதன்பிறகு நடந்ததை எழுதும்போது எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

என் மகள் வசந்தி காலேஜ் ரைஃபிள் டீமில் இருக்கிறாள். மறுநாள் மெட்ராஸில் மாநில கேம்ப்புக்கு செலக்‌ஷன். இது அவளுக்குக் கடைசி வருஷம் - விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

நிஜத் துப்பாக்கியை வீட்டுக்குத் தருவார்களா? மரத்துப்பாக்கியோடு கூடத்தில் குப்புறப் படுத்துப் பழகுவாள். குழல் மேல் ஒரு பத்துப் பைசா. சுவரில் கறுப்புப் பொட்டு. மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி, விரலை மடக்க வேண்டும். காசு விழக் கூடாது.

'கைக்கு முன்னால் மனசுதான் ஆடும். போன குண்டை மறந்துவிடு, அடுத்த குண்டை நினைக்காதே' என்பாராம் அவளுடைய மாஸ்டர். சொல்வது எவ்வளவு சுலபம்!

சுவருக்கு அந்தப் பக்கம் முனுசாமியின் தறி. விடிந்தால் சத்தம்தான். இதில் பிள்ளை எப்படி மனசை ஒருமுகப்படுத்தும்? ஆறரைக்குப் போய், கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"பாப்பா பரீட்சைக்குப் படிச்சப்பகூட நீங்க கேட்டதில்லியே சார்!" என்று சிரித்தார் முனுசாமி. "சரி, நிறுத்தறேன். குறி தப்பிச்சின்னா என் மேல பழி போடக் கூடாது, ஆமா."

வீடு அமைதியானது. காசு விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடி விழுந்தது.

"ஏம்பா இவ்ளோ அமைதியா இருக்குது? என் நெஞ்சு அடிக்கறதே எனக்குக் கேக்குது!"

ஓடிப்போய்த் தறியை ஓட்டச் சொன்னேன். முனுசாமி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சத்தம் திரும்பியது. அப்பாடா என்று வசந்தியின் பின்னால் வந்து நின்றேன்.

காசு விழுந்தது.

"தறி இல்லப்பா... நீங்கதான். காலையிலேர்ந்து பின்னாடியே நின்னுக்கினு இருக்கீங்க. நான் மூச்சை நிறுத்தினா நீங்களும் நிறுத்தறீங்க!" எழுந்து உட்கார்ந்து அழுதாள். "நாளைக்கு நான் போவலை."

நீங்களே சொல்லுங்கள்... போன குண்டு, அடுத்த குண்டு - பெற்றவர்களுக்கு வேறு நினைப்பு உண்டா? படுத்திருப்பவளுக்கு ஒரு துப்பாக்கிதான் பாரம். நாம் நம்முடைய பயத்தையும் அவள் முதுகில் ஏற்றிவிடுகிறோம்.

"நான் மெட்ராஸ் வரலைம்மா. அம்மாவைக் கூட்டிக்கினு போ" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காசை எடுத்தாள். ஞாயிறு முதல் பஸ்ஸில் இருவரும் கிளம்பினார்கள்.

அன்றைக்குப் பேப்பரைப் பிரித்தேன், படிக்கவில்லை. சோறு போட்டுக்கொண்டேன், சாப்பிடவில்லை. சும்மா இருப்பது இத்தனை அலுப்பான வேலையா?

விளக்கேற்றும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நான் எதையும் கேட்கவில்லை. வசந்தி கால் கழுவிவிட்டு வந்து என்னையே பார்த்தாள்.

"செலக்ட் ஆயிட்டேன்பா. கேம்ப்புக்கு ரயில் ஏத்தறேன்னு மட்டும் ஸ்டேஷனுக்கு வந்துடாதீங்க."