மேகலாவின் பாட்டு முதலிடத்துக்கு வந்த நாள்

ஈரக் கம்பளிச் சட்டையை அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டால் ஒரு வாசனை வருமே, ஆட்டுக்குட்டியும் புகையும் கலந்த மாதிரி, உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. போன வாரம் விடாத மழை. சட்டையைச் சமையலறையில் விரித்துப் போட்டேன். வாசனை வந்ததும் வாய் தானாக முணுமுணுத்தது: ‘பனியே கொஞ்சம் வெலகு, இன்னும் மனசு காயல.’

மலேசியாவின் கேமரன் மலையில் துணி காயாது என்பது ஊரறிந்த சங்கதி. அதைக் காதல் சோகமாக்கிப் பாடியவள் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேகலா. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி, என் சிநேகிதி. தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூப்பண்ணையில் பூ அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அவளுக்குக் கனத்த, கரகரத்த குரல். கோயில் பஜனையில் வாயைத் திறந்தால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். அவள் அப்பா மாணிக்கம் மாமாவே சொல்லிவிட்டார்: “ஆம்பள கொரலு மாதிரி இருக்கு. மெதுவா பாடு, இல்ல சும்மா இரு லா.”

சும்மா இருந்தாள். பிள்ளைகளைத் தூங்கவைக்கும்போது மட்டும் பாடுவாள். அந்தக் கரகரப்புக்குத்தான் அவை சொக்கிப்போகும்.

மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் பேண்டு வைத்திருந்த அவள் அத்தை மகன் சுரேஷ், தீபாவளிக்கு வந்தபோது அதைக் கேட்டுவிட்டான். “இதுதான் சோல் வாய்ஸ். அமெரிக்காவுல சர்ச்சுல உருகிப் பாடுவாங்களே, அந்த மாதிரி. இந்தக் கொரலதான் தேடிக்கிட்டிருக்கேன்.”

அந்த ‘பனியே’ பாட்டை அவன் பதிவு செய்தபோது நானும் போனேன், கோரஸ் பாட. ஒரு தடவை கேட்டதும் சுரேஷ் ரொம்ப மரியாதையாக, “அக்கா, நீங்க கை தட்டுறீங்களா?” என்றான். பாட்டில் கொஞ்சம் தாமதமாக விழும் கைதட்டல் என்னுடையதுதான்.

பாட்டு தமிழ் வானொலியின் வாராந்திர டாப் பாட்டு வரிசையில் கடைசி இடத்தில் நுழைந்து, வாரா வாரம் ஏறியது. தோட்டத்திலும் கம்போங் ராஜா சாப்பாட்டுக் கடையிலும் அதே பேச்சு. மாமா மட்டும் வீட்டில் பாட்டு வந்தால் வெளியே போய்த் தன் லோரி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். மேகலாவுக்கு அதுதான் உள்ளுக்குள் அறுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய காய்கறி லோரியில் நாங்கள் இருவரும் தொற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்பட்டோம். ரேடியோவில் வரிசை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாம் இடத்துக்கு வேறு பாட்டு வந்தது. மேகலா என் தொடையைக் கிள்ளினாள். அறிவிப்பாளர் முதலிடம் என்று அவள் பெயரைச் சொல்லி, பாட்டு தொடங்கவும் வளைவு வந்தது. மலை மறைத்துக்கொண்டது. வெறும் இரைச்சல்.

“போச்சு,” என்றாள் மேகலா. “பரவால்ல, பேரு கேட்டுச்சில்ல.”

மாமா லோரியை ஓரங்கட்டினார். கண்ணாடியைப் பார்த்தார். வண்டியைப் பின்னுக்கு எடுப்பதை எங்கள் பக்கம் கோஸ்தான் என்போம். அந்த வளைவு முழுக்கக் கோஸ்தான் எடுத்து, குரல் மறுபடி கிடைத்த இடத்தில் நிறுத்தி, சத்தத்தைக் கூட்டினார். பின்னால் வந்த லோரிகள் ஹாரன் அடித்தன. இறங்கிப் போனார். மலாயில் ஏதோ சொன்னார். பிறகு தமிழிலேயே, “எம் மக பாடுறா. முடியட்டும்,” என்றார்.

ஹாரன் நின்றது. ஒரு சீன டிரைவர் எங்கள் ஜன்னலோரம் வந்து தலையாட்டிக்கொண்டு நின்றார். மாமா வண்டியில் ஏறவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றே கேட்டார். முடிந்ததும், “நல்லா சத்தமாத்தான் பாடியிருக்க,” என்றார். மேகலா சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். என் கைதட்டலைப் பற்றி நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

மேகலா இப்போது ஈப்போவில் இருக்கிறாள். கல்யாணங்களில் பாடுகிறாள், கோயில்காரர்களும் கூப்பிடுகிறார்கள். அந்த வாராந்திர வரிசை எப்போதோ நின்றுபோனது. மாமாவின் லோரியும் கைமாறிவிட்டது. மலைப்பாதையில் இப்போது ஃபோனிலேயே பாட்டு ஓடுகிறது. எங்கே விட்டதோ அங்கிருந்தே தொடர்கிறது. ஒரு பாட்டுக்காகக் கோஸ்தான் எடுக்க இனி யாருக்கும் அவசியமில்லை.