பன்னிரண்டாவது விண்ணப்பம்

காலையில் கைப்பேசியைத் திறந்தால் வலயத்துப் பள்ளிக்கூடங்களின் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றுப் பட்டியல். பழைய ஆசிரியர்கள் குழுவில் யாரோ போட்டிருந்தார். முதலிடத்துக்குப் பொன் நிறம், கடைசி இடங்களுக்குச் சிவப்பு. அதைக் கண்டதும் எனக்கு ரோனியோ அச்சு மை மணத்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன மணக்கும்?

அந்தக் காலத்தில் அந்த மையில்தான் எங்கள் கல்விக் கோட்டத்தின் தரவரிசை அச்சாகி வரும். கோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடந்த ஏழெட்டுப் பள்ளிக்கூடங்கள், அவ்வளவுதான். அவற்றின் தலைமை வாத்தியார்களான அதிபர்கள் எல்லோரும் ஒரே படகில்தான் வாவியைக் கடப்பார்கள். பட்டியல் வந்த கிழமை, கடைசி இடத்துக்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வருவார். மூன்று வருடம் அப்படி வந்தவர் எங்கள் அதிபர்.

நான் வேலைக்குப் புதிது. பன்னிரண்டு பேரில் ஒருவர் தவறினாலே சித்தி நூற்றுக்கு எட்டு வீதத்துக்கு மேல் குறைந்துவிடும் என்று அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய கெட்டிக்காரன் நான்தான். பெரிய பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தவறினால் யாருக்குத் தெரியும்? எங்களைக் கடைசிக்குத் தள்ள அது போதும்.

அதிபர் பரீட்சை விண்ணப்பங்களைப் புரட்டினார். பன்னிரண்டாவது புவனாவுடையது. கணக்கில் முப்பதைத் தாண்டாதவள். பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

"தம்பி, இந்தப் புள்ள அடுத்த வருசம் எடுக்கட்டும். நீங்க போய்ச் சொல்லுங்க, உங்கட சொல்லக் கேப்பாங்க."

எல்லாப் பள்ளிக்கூடமும் செய்வதுதானே என்று எனக்கே சொல்லிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். வயலில் இருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்த தாய், தேத்தண்ணி தந்து, "சேர் சொன்னா சரிதானே" என்றார். புவனா கதவடியில் நின்றாள்.

"அடுத்த முற கட்டாயம் விடுவீங்களா சேர்?"

"ஓம்" என்றேன்.

மற்றப் பதினொரு பேரையும் பிடித்துவைத்துப் படிப்பித்தோம். பதினொருவரும் சித்தியடைந்தார்கள். நூறு வீதம், கோட்டத்தில் முதலிடம். அதிபர் அக்கரை சேரும்வரை படகில் வாய் ஓயவில்லை. நானும் வெட்கமில்லாமல் மாலையோடு படம் எடுத்துக்கொண்டேன். அடுத்த வருடம் அந்த முதலிடத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. புவனாவின் விண்ணப்பத்தை நாங்கள் வெளியே எடுக்கவேயில்லை. அவளும் வருவதை நிறுத்திவிட்டாள்.

போன மாதம் ஆஸ்பத்திரி மருந்து வரிசையில் அவளே என்னை அடையாளம் கண்டாள். வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். நான் மன்னிப்புப் போல ஏதோ உளறினேன்.

"எடுத்திரிந்தாலும் பெயில்தான் சேர், எனக்குத் தெரியும். எண்டாலும் எனக்கெண்டு ஒரு சோதினச் சுட்டெண் இரிந்திரிக்கும்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கைப்பேசியில் வந்த பட்டியலை இரண்டு தரம் மேலும் கீழும் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடம் சிவப்பில்கூட இல்லை. பிள்ளைகள் குறைந்து அதை மூடிவிட்டார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதிபரும் போய்ச் சேர்ந்துவிட்டார். முதலிடம் வாங்கித் தந்த அந்தப் பதினொரு பேரின் பெயர்களையாவது சொல்லிப் பார்ப்போம் என்று கண்ணை மூடினேன். ஐந்துக்கு மேல் வரவில்லை. அதிலும் முதலில் வந்தது, எழுதாதவளின் பெயர்.