கேசட்டின் கடைசித் துண்டு

கிட்வாய் நகர் சர்க்கார் குடியிருப்பில் பவுனுவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் குறைவு. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு தில்லிக்கு வந்தவள். வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்துப் பிழைப்பு. காய்கறி வண்டிக்காரன் தராசைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், பாதி இந்தியிலும் பாதித் தமிழிலும் அவன் பரம்பரையையே சந்திக்கு இழுத்துவிடுவாள். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்று பேசுகிற சாமர்த்தியம் அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. அவளிடம் ரகசியம் சொல்வதும் ரேடியோவில் சொல்வதும் ஒன்றுதான் என்று அவள் வேலை பார்த்த வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி சிரிப்பாள்.

பவுனுவின் புருஷன் ஏகாம்பரம். பக்கத்துக் குடிசை ராஜாத்தியின் புருஷன் பாலு. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் வெயில் தொடங்கும்போது இருவரும் ஒரு காண்டிராக்டரோடு லடாக் பக்கம் ரோடு வேலைக்குப் போனார்கள். அவர்கள் போன பிறகு கார்கில் சண்டை மூண்டது. பவுனு காண்டிராக்டரைத் தேடிப்போய்ச் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். "எல்லாரையும் மணாலிக்கு இறக்கியாச்சு, நல்லாத் தின்னுட்டுத் தூங்கறாங்க" என்றான் அவன். தன்னிடம் பொய் சொல்ல ஒருவனுக்குத் துணிச்சல் வராது என்று பவுனு நினைத்தாள். ராஜாத்திக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பவுனு அக்கா கேட்டுவந்து சொன்னால் அவளுக்கு அதுவே வேதம்.

அந்தக் குடியிருப்புக்குக் கேபிள் இணைப்புக் கொடுத்தவர் இஸ்மாயில் பாய், மேலப்பாளையத்துக்காரர். தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு சானலில் வி.சி.ஆரை வைத்துத் தமிழ்ப்படம் ஓட்டுவார். தாக்குதல் நடந்த இடங்களைத் தனி ஆட்கள் எடுத்த படம் எதையும் காட்டக்கூடாது, கைமாற்றவும் கூடாது, எதிரிக்கு இடம் தெரிந்துபோகும் என்று போலீஸ்காரர்கள் கேபிள்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பாய்க்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் கார்கிலிலிருந்து திரும்பிய ஒரு ரோடு வேலை சூப்பர்வைசர் தான் எடுத்த கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்ததும், செய்தியில் வராததை நாம் காட்டுவோம் என்கிற பெருமை அவர் தலைக்கேறிவிட்டது. ஒருநாள் மத்தியானம் படம் முடிந்த கையோடு அதைப் போட்டார்.

பவுனு அப்போது மாமி வீட்டுக் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரையில் மொட்டை மலை, ரோட்டோரம் கூடாரங்கள். திடீரென்று காது கிழிகிற சத்தம். புகை. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். அதில் ஒருவன் தலையைத் திருப்பி யாரையோ கூப்பிட்டான். பவுனு துணியைப் போட்டுவிட்டு அலறினாள்.

"என்னடி, பல்லியா?"

"மாமி, அவரு! எங்க வூட்டுக்காரரு!"

மாமி திரும்பிப் பார்ப்பதற்குள் திரை வெள்ளைப் புள்ளியாகிவிட்டது. சற்றைக்கெல்லாம் வண்ண வண்ணமாக உடுத்தி யாரோ ஆடிப் பாட ஆரம்பித்தார்கள்.

"அவன் மணாலில இருக்கான்னு நீதானேடி சொன்னே?" என்றாள் மாமி.

நேற்றுவரை பவுனு அவனைத் தின்றுவிட்டுத் தூங்குகிறவன் என்று நம்பியிருந்தாள். அவனோ குண்டுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கிறான். ஈரக் கையோடு ஓடினாள். அடுத்த பிளாக்கில் வேலையாக இருந்த ராஜாத்தியையும் இழுத்துக்கொண்டாள். கேபிள் அறை மாடியில் இருந்தது. கான்ஸ்டபிள் ஒருவன் டீ டம்ளரை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். மேலே பாய் முகம் வெளிறி உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் படத்தப் போடுங்க பாய். ஜல்தி!"

"அழிஞ்சிட்டிருக்கு அக்கா. இப்ப எறங்கிப் போனானே போலீஸ்காரன், இப்பவே என் கண்ணு முன்னால அழின்னுட்டான். அதான் மேலயே பாட்டைப் பதிய விட்டிருக்கேன்."

பவுனு கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சுவரிலிருந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தாள். வி.சி.ஆர் நின்றது. "கட்டுனவ புருஷனப் பாக்கக்கூடாதுன்னு எந்த நாட்டுல சட்டம் இருக்கு? எங்க கண்ண மூட இவனுங்க யாரு?" என்று சத்தம் போட்டாள்.

"நீங்க பாத்த இடமெல்லாம் போயிருச்சு. கடைசியில கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும். அதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது" என்றார் பாய். "ஒருத்தர் மட்டும் பாருங்க. கூட்டத்தைப் பாத்துட்டு அவன் திரும்பி வந்தா என்னைத் தூக்கி உள்ள வச்சிருவான்."

"நீ கீழ நில்லுடி. காக்கிச் சட்டை வந்தா கொரல் குடு" என்றாள் பவுனு.

"எங்க ஆளும் தெரியறாரான்னு பாருக்கா" என்று சொல்லிவிட்டு ராஜாத்தி இறங்கிப்போனாள்.

பாய் கதவைச் சாத்தி, வீடுகளுக்குப் போகிற இணைப்பைக் கழற்றிவிட்டு ஒயரை மாட்டினார். பாட்டு பாதியில் அறுந்தது. கோடு கோடாகத் திரை துள்ளியது, பிறகு தெளிந்தது. புகை அடங்கியிருந்தது. ரோட்டோரம் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருந்தான். பவுனுவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் பொங்கிவந்தது. அவனுடைய மடியில் ஒரு தலை கிடந்ததை அதற்குப் பிறகுதான் பார்த்தாள். பாலுவின் தலை. கண் திறந்திருந்தது, கழுத்துக்குக் கீழே ஒரே ரத்தம். ஏகாம்பரம் அவன் கண்களை மூடி, தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் போர்த்தினான். நிமிர்ந்து பார்த்தவன் தன்னைப் படம் எடுப்பதைக் கண்டுகொண்டான்.

"பந்த் கரோ! டேய், நிறுத்துடா, படம் புடிக்காதடா! பந்த் கரோ!"

எழுந்துவந்து காமிராவைக் கையால் அறைந்தான். திரை கறுத்தது.

பவுனு வாயைப் பொத்திக்கொண்டாள். பாலு போய்விட்டான். தன்னவன் இருக்கிறான் என்று ஒரு நொடி முன்னால் பூரித்துப்போன நெஞ்சை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. காண்டிராக்டர் மணாலி என்றான், போலீஸ் அழி என்றது. இப்போது இந்தச் செய்தி தில்லியில் அவள் ஒருத்தியிடம் வந்து நின்றுவிட்டது.

"அக்கா, இதை என்ன செய்ய?" என்று கேட்டார் பாய்.

கீழே வாசலில் நிற்பவளை எப்படி மேலே கூப்பிடுவது? வந்து பார் என்று எந்த வாயால் சொல்வது?

"அழிச்சிருங்க பாய்."

பாட்டு மறுபடி தொடங்கியது. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். ராஜாத்தி இரண்டு படி ஏறி எதிரே வந்தாள்.

"என்னக்கா, பாத்தியா? எங்க ஆளு இருந்தாரா?"

பவுனு அவள் முகத்தைப் பார்க்காமல் சேலைத் தலைப்பை உதறிச் சரிசெய்துகொண்டாள்.

"அழிச்சிட்டாங்கடி."

ராஜாத்தி அப்படியே படியில் உட்கார்ந்து, போலீஸையும் சர்க்காரையும் வாயில் வந்தபடி திட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து பவுனுவும் சேர்ந்து திட்டினாள்.