மூத்த மாப்பிள்ளை சொல்லாத எண்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் நம்பர்க்காரர் என்பார்கள். எந்தச் சரக்கு எந்தச் சுங்க எண்ணில் வரும் என்பது அவருக்கு அத்துப்படி. சரக்கை விடுவித்துக் கொடுக்கும் ஏஜென்டாக இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவர். ஆனால் மாமனார் வீட்டில் எப்போதும் சின்ன மாப்பிள்ளை புராணம்தான். அவனும் இதே தொழில். வந்து ஆறு வருடம்தான் ஆகிறது. சேர்த்துவிட்டவரே இவர்தான். யாருக்குத்தான் வயிறு எரியாது?

நோய் பரவிய நேரம். பணக்கார நாடுகள் தங்களுக்கே போதாதென்று மருத்துவச் சாமான்களின் ஏற்றுமதிக்குத் தடை போட்டுவிட்டன. எங்கெங்கோ கெஞ்சிக் கூத்தாடி அறுபது ஆக்சிஜன் இயந்திரங்கள் வந்து இறங்கின. மாமனார் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் அவை போகவேண்டும். அந்த வேலையும் சின்னவனுக்கே போனது.

திங்கட்கிழமை சின்னவனின் மேஜையில் கிடந்த படிவத்தை இவர் பார்த்தார். அவசரத்தில் அவன் தொழிற்சாலை வாயு இயந்திரங்களுக்கான எண்ணைப் போட்டிருந்தான். மூச்சுக் கருவிகளின் எண்ணுக்கு மட்டும்தான் அரசு வரிவிலக்கு கொடுத்து, உடனே விடச் சொல்லியிருந்தது. இந்த எண்ணில் போனால் சரக்கு ஷெட்டிலேயே முடங்கும். ஒரு வார்த்தை போதும், இவர் சொல்லவில்லை. கொஞ்சம் திண்டாடட்டும், பெரியவனின் அருமை அப்போதாவது தெரியட்டும் என்று தேநீர் குடிக்கப் போய்விட்டார். மாமனாருக்கு இரண்டு நாள் சிலிண்டர் தாங்கும் என்று மனசுக்குச் சமாதானம் வேறு.

செவ்வாய் முழுக்கச் சின்னவன் சுங்க அலுவலகத்தில் ஜன்னல் ஜன்னலாக அலைந்தான். இவர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. புதன் காலை மனைவி போனில் அழுதாள். ஆஸ்பத்திரியில் சிலிண்டர் தீரப்போகிறதாம். அப்போதுதான் இவருக்கு உறைத்தது. ஓடிப்போய் சரியான எண்ணைச் சொன்னார். மதியத்துக்குள் லாரி கிளம்பிவிட்டது.

சாயங்காலம் மாமனார் சின்னவனைப் போனில் கூப்பிட்டார். சின்னவன் ஸ்பீக்கரில் போட்டான். எடுத்த எடுப்பில் நன்றியெல்லாம் சின்னவனுக்கே. இவருக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சின்னவன் மறைக்கவில்லை.

“மாமா, நான் நம்பரைத் தப்பாப் போட்டுட்டேன். அண்ணன் மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லலேன்னா இன்னைக்கும் வந்திருக்காது.”

எத்தனை வருடமாக ஏங்கிய பேச்சு! இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாமனார் மூச்சு வாங்கி மெதுவாகப் பேசினார். “நல்லா இருங்க மாப்பிள்ளை. பக்கத்துக் கட்டில் வாத்தியாருக்குத்தான் கொடுத்து வைக்கலை. சிலிண்டர் பத்தாம நேத்துப் போயிட்டாரு. நீங்க எப்போ கவனிச்சீங்க?”

“இன்னைக்குக் காலையிலதான் மாமா” என்றார் இவர்.

சின்னவன் இவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.