நிழலைப் பார்த்து இறக்கியவர்

அபுதாபி முசஃபாவில் எங்கள் யார்டில் கிரேனுக்குப் பெல்ட் கட்டி, கையால் சைகை காட்டுகிற ரிக்கர் அவர். ஒட்டிய கன்னம், தலைக்குப் பொருந்தாத பெரிய ஹெல்மெட். தூக்கிய சரக்கு தரையைத் தொடும்வரை அதைவிட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார்.

அன்று யாரோ ஒரு பணக்காரரின் தோட்டத்துக்கு வந்த பளிங்குச் சிலையை லாரியிலிருந்து இறக்க வேண்டும். கையில் வில், முழங்காலுக்கு மேல் ஏறிய உடை, காலடியில் ஒரு மான்.

“யாரு பாய் இது?” என்றார்.

ஸ்டோர்கீப்பரான நான் தெரிந்ததைச் சொன்னேன். “கிரேக்க நாட்டுச் சாமியாம். வேட்டைக்குப் போற கன்னி. கல்யாணமே வேண்டாம்னுட்டாளாம்.”

அவர் முகம் மாறியது. பெல்ட்டைக் கட்டிக் கையை உயர்த்தினார். சிலை எழும்பி, காற்றில் மெல்லச் சுழன்றது. அவரோ தலையைக் குனிந்துகொண்டார்.

“ஊப்பர் தேக்கோ!” என்று ஃபோர்மேன் அலறினான்.

“மேல பாருய்யா!” என்று நானும் கத்தினேன். கிரேன் ஓட்டுகிறவனுக்கு இவர் கைதான் கண். சிலை எங்கள் பக்கம் ஆடி வந்ததும் எல்லோரும் சிதறி ஓடினோம். அவர் மட்டும் நகரவில்லை. உச்சி வெயிலில் மணல்மேல் ஆடிய அதன் நிழலையே பார்த்தபடி விரல்களை அசைத்தார். ஆட்டம் நின்றது. பீடம் தன் நிழல்மேல் அலுங்காமல் உட்கார்ந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “செத்திருப்பீங்களே! ஏன் பாக்கல?”

“கன்னித் தெய்வம் பாய். எங்க ஊர்ல அது முன்னாடி ஆம்பளைங்க தலை நிமிர மாட்டோம். இங்க கீழ நின்னு அண்ணாந்து பாக்கச் சொல்றீங்களா?”

நான் சிலையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன். அவ்வளவு நேரமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.